முன் செசாரே, பின் செசாரே

கிரான்பர்னில் அந்த மண்டபத்துக்குள் கால் வைத்த உடனேயே சித்தார்த்துக்குத் தெரிந்துவிட்டது, இங்கே தங்களை யாரும் உட்காரச் சொல்லப் போவதில்லை என்று.

உள்ளே இருபது பேர். அத்தனை பேரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அத்தனை பேருடைய பார்வையும் வாசல் பக்கம். அதில் ஒன்றிலாவது வரவேற்பு இருக்கிறதா என்று தேடிப் பார்த்தான். மருந்துக்குக்கூட இல்லை.

“மேடம், நாம துக்கம் விசாரிக்க வந்தோமா, துப்பறிய வந்தோமா?”

“வாயை மூடிக்கொண்டு வாரும்,” என்றாள் சிவாஜினி.

சிவாஜினி பத்து வருடம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துக்கொடுத்தவள். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். சித்தார்த் கோயம்புத்தூர்க்காரன். ஐ.டி. வேலை போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அவளிடம் உதவியாளனாகச் சேர அவனுக்கு இருந்த தகுதிகள் இரண்டு. ஒன்று, கார் ஓட்டுவான். இரண்டு, திட்டினால் கோபித்துக்கொள்ள மாட்டான்.

மண்டபத்தின் நடுவே மூன்று நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு, அதில் ஒருவர் போர்வைக்குள் படுத்திருந்தார். அறுபது வயது, பெரிய தொந்தி, வெளிறிப்போன முகம். பக்கத்தில் அவருடைய மகள் றம்யா கையில் போனுடன் உட்கார்ந்திருந்தாள். அவர்தான் மகேந்திரராஜா. இந்தப் பக்கத்துத் தமிழ்ச் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் தலைவர்.

“ஆர் உங்களை உள்ள விட்டது?” படுத்தபடியே கேட்டார்.

“ஞானமலர் கூப்பிட்டவ,” என்றாள் சிவாஜினி.

“அப்ப அவவோட வெளியில நிண்டு கதையுங்கோ.”

வாசல் ஓரமாக ஞானமலர் நின்றிருந்தாள். முதியோர் இல்லத்துச் சீருடை, தோளில் பை. நாற்பத்தைந்து வயது இருக்கும். அழுத முகமில்லை, எரிகிற முகம்.

“நான் வெளியில போகமாட்டன்,” என்றாள். “போனா ஓடிட்டாள் எண்டுவினம்.”

விஷயம் இதுதான். இவர்கள் எல்லாரும் மன்னாரிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து குடியேறிய கத்தோலிக்கர்கள். நாளை மேடையேறப் போவது ‘செசாரே போர்ஜியா’ என்ற நாட்டுக்கூத்து. வேடம் போடாமல் வெள்ளை உடுப்பில் ஆடிப்பார்க்கும் கடைசி ஒத்திகைக்கு வெள்ளுடுப்பு என்று பெயர். அது இன்று காலை நடந்தது. செசாரேயாக ஆடிய மகேந்திரராஜா பாதியில் நின்று, கழிவறைக்கும் நாற்காலிக்குமாக அலைந்து, கிளினிக் போய்த் திரும்பியிருந்தார். பேதி மருந்து ஏதும் நிறைய எடுத்தீர்களா என்று டாக்டர் கேட்டாராம். காலையில் பாடுகிற எல்லாருக்கும் ஆளுக்கொரு பிளாஸ்கில் மிளகு போட்ட மல்லிக் கோப்பி கொண்டுவந்தவள் ஞானமலர். போதாதா?

“நாலு மணி வரைக்கும் அவவுக்கு நேரம் குடுத்திருக்கிறன்,” என்றார் மகேந்திரராஜா. “எல்லாருக்கும் முன்னால, நான்தான் செய்தனான் எண்டு சொல்லி மன்னிப்புக் கேக்கட்டும். விடுறன். இல்லாட்டி பொலிசுக்கு. பிள்ளை போனில ஃபோர்ம் நிரப்பி வச்சிருக்கிறாள். பட்டனை அமத்துறதுதான் பாக்கி.”

மணி மூன்றேகால்.

ஞானமலருக்குப் புதன்கிழமை விசா விசாரணை. ஆறு வருடம் காத்திருந்து கிடைத்த தேதி. நஞ்சு வைத்தாள் என்று ஒரு பொலிஸ் ரிப்போர்ட் ஏறினால், புதன்கிழமை அவள் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. ஒப்புக்கொண்டாலும் இருபது சாட்சி. மன்னிப்புக் கேட்டாலும் போச்சு, கேட்காவிட்டாலும் போச்சு. சித்தார்த்துக்கு அந்தப் படுத்திருக்கும் மனிதரைப் பிடிக்காமல் போக அரை நிமிடம்கூட ஆகவில்லை.

“அந்த ஆள் எதுக்கு மேடம் இந்த வேஷத்தைப் பிடிச்சார்னு இப்ப புரியுது,” என்று முணுமுணுத்தான்.

வருகிற வழி முழுக்க அவன் காரில் சிவாஜினி சொல்லச் சொல்ல செசாரேயின் கதையைத்தான் கேட்டுக்கொண்டு வந்தான். ஐந்நூறு வருடத்துக்கு முந்திய இத்தாலி. பாப்பரசரின் மகன். பதினெட்டு வயதில் கர்தினால் தொப்பி. அது போதாதென்று தொப்பியைக் கழற்றி வீசிவிட்டு வாளை எடுத்தான். ஊர் ஊராகப் பிடித்தான். தனக்கெதிராகக் கிளம்பிய தன் தளபதிகளையே சமாதானம் பேச வாருங்கள் என்று அழைத்து, வந்தவர்களின் கழுத்தை நெரித்தான். பிறகு ஒரு விருந்து. அப்பனும் மகனும் படுத்துவிட்டார்கள். அடுத்தவருக்கு வைத்த நஞ்சைக் கைமாறித் தாங்களே குடித்துவிட்டார்கள் என்று ஊர் பேசியது. அப்பன் செத்தான். மகன் பிழைத்தான், ஆனால் பிடித்த ஊர்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. சிறை, கயிறு கட்டி இறங்கித் தப்பித்தல், கடைசியில் எங்கோ ஸ்பெயினில் ஒரு சின்னச் சண்டையில் தனியாக முன்னால் பாய்ந்து குத்துப்பட்டுச் செத்தான். முப்பத்தொரு வயது.

மகேந்திரராஜாவின் கதையும் ரொம்பத் தூரமில்லை. முதலில் கிரிக்கெட் கழகம். பிறகு பழைய மாணவர் சங்கம், தமிழ்ப் பள்ளிக்கூடம், பாடகர் குழு. எதிர்த்த நான்கு கமிட்டிக்காரர்களைச் சமாதானம் பேசலாம் என்று வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அவர்கள் புரியாணியில் கை வைத்திருந்த நேரத்தில், தன் ஆட்களை வைத்து வேறு மண்டபத்தில் பொதுக்கூட்டம் நடத்தி நான்கு பேரையும் நீக்கிவிட்டார். அதற்குப் பிறகு அவரை எதிர்த்து நின்றது ஞானமலர் ஒருத்திதான். பாப்பரசருக்குப் பிள்ளை இருந்த கதையைக் கோவில் மண்டபத்தில் ஆடக்கூடாது என்று நாற்பது கையெழுத்து வாங்கி ஃபாதரிடம் கொடுத்தவள்.

“கூத்துக்கு எதிர்ப்பு எண்டா ஏன் கோப்பி கொண்டு வந்தனீங்கள்?” சிவாஜினி கேட்டாள்.

“கூத்தில பாடுற அனோஜ் என்ர அக்காவின்ர மகன். அவனுக்கு மட்டும் எப்பிடிக் குடுக்கிறது? எல்லாருக்கும் ஊத்தினனான்.” ஞானமலர் மூச்சை இழுத்து விட்டாள். “எதிர்ப்பு கதையோட. பாடுற தொண்டையோட எனக்கென்ன கோவம்?”

சிவாஜினி நேரே நாற்காலிகளிடம் போனாள். “ஐயா, அந்தக் கோப்பி எத்தினை மணிக்குக் குடிச்சனீங்கள்?”

“பத்தரை இருக்கும்.”

றம்யா தலையை நிமிர்த்தினாள். “டாட், நீங்க அன்ரியின்ட எதுவும் குடிக்கிறேல்லயே. சிக்னேச்சர் பிரச்சினைக்குப் பிறகு வீட்டுத் தண்ணிதானே கொண்டு வாறீங்க. போத்தில் இப்பவும் கார்லதான் கிடக்கு.”

மகேந்திரராஜா மகளைப் பார்த்த பார்வையில் போர்வையே கருகியிருக்கும். “அவ எப்பிடியோ கலந்திட்டா. எப்பிடியெண்டு நான் கண்டனானோ?”

“சரி. தண்ணி கார்ல. கோப்பி குடிக்கேல்ல. அப்ப வாயில பட்டது வேற என்ன?”

மேடை ஓரத்தில் தாளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அலோசியஸ்தான் தொண்டையைக் கனைத்தார். கூத்தை எழுதிப் பழக்கிய அண்ணாவியார் அவர். இங்கே தலைவருக்குப் பயப்படாத ஆள் அவர் ஒருவர்தான் என்பது உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

“விருந்துக் கட்டத்தில கிண்ணம் குடிச்சவர். நஞ்சுக் கிண்ணம். ஒவ்வொரு நாளும் வெறுங்கிண்ணம்தான். இண்டைக்கு வெள்ளுடுப்பு எண்டபடியா நிரப்பி எடுங்கோ எண்டனான்.”

“நிரப்பினது ஆர்?”

கிண்ணம் ஏந்தும் சேவகனாக ஆடும் டிலுக்சன் கையைத் தூக்கினான். லாரி ஓட்டுகிறவன், ஆள் மலை மாதிரி இருந்தான். குரல் மட்டும் கிணற்றுக்குள் இருந்து வந்தது.

“தண்ணிப் பைப் வெளியில அக்கா. பாட்டு முடியப்போகுது. திரைக்குப் பின்னால செசாரேயின்ர கதிரையில ஒரு பிளாஸ்க் இருந்தது. அதுக்குள்ள கிடந்ததை ஊத்திட்டன். செசாரேயின்ர கிண்ணம், செசாரேயின்ர கதிரை, பிழையில்லைத்தானே?”

“பிளாஸ்க் ஆற்றை?”

“என்ர,” என்றான் அனோஜ். இருபத்தாறு வயது, ஈர்க்குச்சி உடம்பு. “நான் பிறகு குடிப்பம் எண்டு வச்சனான். வந்து பாக்க வெறும் பிளாஸ்க்.”

சித்தார்த் கையை உயர்த்தினான். “ஒரு நிமிஷம். செசாரே அவர்தானே? இவர் பிளாஸ்க் ஏன் அவர் நாற்காலியில இருக்கு?”

மண்டபம் முழுக்க ஒரு அலட்சியச் சிரிப்பு ஓடியது. “இந்தியாக்காரருக்கு எங்கட கூத்து விளங்காது,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“விளங்கப்படுத்தினா விளங்கும்,” என்று திரும்பாமலே சொன்ன சிவாஜினி, அவனை மேடை மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். “விடிய விடிய ஆடின கூத்து இது. ஒரு ராசாவை ஒரே ஆள் ஆடி முடிக்க ஏலாது. அதால முதல் பாதிக்கு ஒருத்தர், மிச்சத்துக்கு இன்னொருத்தர். முன் செசாரே, பின் செசாரே. முடி ஒண்டு, வாள் ஒண்டு. திரைக்குப் பின்னால கதிரையும் வேசத்துக்கு ஒண்டுதான், ஆளுக்கில்லை. கிண்ணத்தைக் குடிச்சிட்டு முன் செசாரே உள்ள போவார். பின் செசாரே வருத்தக்காரனா, நோய் பிடிச்சவனா வெளியில வருவார்.”

“அப்ப மருந்து அனோஜுக்கு வெச்சது. டிலுக்சன் புண்ணியத்துல பெரியவர் வயித்துக்குப் போயிடுச்சு.” சித்தார்த்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. “அப்ப சொந்தச் சித்தி அக்கா மகனுக்கே வெப்பாங்களா? ஞானமலர் அவுட். பெரியவரும் அவுட்.”

“அவர் ஏன் அவுட்?”

“ஜெயிக்கிற பாதி அவர் கையில இருக்கு மேடம். ஊர் ஊரா பிடிக்கிறார், வாளைச் சுத்துறார். தோத்து, நோயாளியா, ஜெயிலுக்குப் போற வேஷத்துக்கு யாராச்சும் ஆசைப்படுவாங்களா?”

சிவாஜினி அவனையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். இந்த மண்டபத்தில் அன்றைக்கு முதல் நல்ல சிரிப்பு.

“சித்தார்த், நீர் பிழையான பக்கத்தாலதான் எப்பவும் சரியான கதவைத் தட்டுறீர். முன் ராசா வரேக்க சனம் கச்சான் கடலை கொறிக்கும், நித்திரை கொள்ளும், ஊர்க்கதை கதைக்கும். பின் ராசா வந்து புலம்பத் தொடங்கினாத்தான் நித்திரையான பிள்ளையையும் எழுப்பி வைக்கும். நல்ல பாட்டெல்லாம் அங்கதான். நல்ல தொண்டைக்குத்தான் அதைக் குடுப்பினம். பேர் நிக்கிறதும் அவனுக்குத்தான்.”

சித்தார்த் மெதுவாகத் திரும்பி, போர்வைக்குள் கிடந்தவரைப் பார்த்தான். “அப்ப தலைவருக்குக் கெடச்சது கச்சான் கொறிக்கிற பாதி.”

“ஓம்.”

மணி மூன்று நாற்பது. “றம்யா, நாலாகப் போகுது, ரெடியா வையும்,” என்று மகேந்திரராஜா சத்தமாகச் சொன்னார்.

சிவாஜினி அண்ணாவியாரிடம் போனாள். “கிண்ணம் குடிச்ச உடன என்ன நடந்தது?”

“அதைக் கேளுங்கோ!” அலோசியஸ் தாளத்தைக் கீழே வைத்தார். “ஒரே மூச்சில கவிட்டார். கவிட்டு முடிய முகத்தைப் பாக்கோணும். கண் பிதுங்கி, உதடு நடுங்கி. முப்பது வருசமா இவரைப் பழக்கிறன், இண்டைக்குத்தான் முகத்தில நடிப்பைக் கண்டனான். கைதட்டினம். அவர் ஓடிப்போய்ப் பின்பக்கத்தில ஓங்காளிக்கிற சத்தம் கேட்டது.”

“ஓடினது எப்ப? குடிச்சு எவ்வளவு நேரத்தில?”

“எவ்வளவு நேரம்? உடனேதான். அரைப் பாட்டுக்கூட ஆகேல்ல.”

“பேதி மருந்து அரைப் பாட்டுக்குள்ள வேலை செய்யுமோ?”

ஞானமலர் வாசலிலிருந்து இரண்டடி உள்ளே வந்தாள்.

“செய்யாது,” என்றாள். “மணித்தியாலக் கணக்கில எடுக்கும். தினம் வயசாளியளுக்குக் குடுக்கிறனான், எனக்குத் தெரியாதோ?”

“தண்ணி எண்டு நினைச்சுக் குடிச்ச மனிசனுக்கு மல்லிக் கோப்பி வந்தா, என்னடா இது எண்டு முகம் சுளிப்பார்,” என்றாள் சிவாஜினி. “வயித்தில ஒண்டும் தொடங்க முதலே வாந்தியெடுக்க ஓடமாட்டார். அந்த ருசி எந்தப் பிளாஸ்கில இருந்து வந்தது, அதுக்குள்ள என்ன கிடக்கு எண்டு தெரிஞ்ச ஆள்தான் ஓடுவார்.”

இருபது தலைகளும் ஒன்றாகத் திரும்பின. மகேந்திரராஜா போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தாலும் குரலில் தலைவர் அப்படியே இருந்தார்.

“நாக்குக்குப் பிடிக்காம ஓங்காளிச்சா அது குற்றமோ? எனக்கு நானே மருந்து வைப்பனோ? இதையெல்லாம் கோட்டில சொல்லிப் பாருங்கோ, சிரிப்பினம்!”

உண்மைதான். சித்தார்த்தே அந்தக் கோர்ட்டில் இருந்தால் சிரித்திருப்பான். கடிகாரம் மூன்று ஐம்பதைக் காட்டியது.

சிவாஜினி மேடையில் ஏறினாள். நாளைக்கான உடுப்புகள் திருச்சியிலிருந்து வந்த அட்டைப் பெட்டிகளில் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தங்கச் சரிகை போட்ட ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தாள். பிறகு கறுப்பு அங்கி ஒன்றை எடுத்தாள். கைதியாகப் போகும் பின் செசாரேயின் உடுப்பு.

“அனோஜ், இதை ஒருக்காப் போடும்.”

அனோஜ் போட்டான். தோள் முழங்கைக்கு வந்தது. இடுப்பைச் சுற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

“தம்பி, உள்ள இன்னும் ரெண்டு பேருக்கு இடமிருக்கு,” என்றான் சித்தார்த். “வாடகைக்கு விடலாம்.”

சிலர் சிரித்தார்கள். அலோசியஸ் சிரிக்கவில்லை. அங்கியின் இடுப்பையும் மகேந்திரராஜாவின் இடுப்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தையல்காரன் பிழை விட்டிட்டான்,” என்றார் மகேந்திரராஜா.

“இருக்கும். திருச்சியில தைச்சு இஞ்ச வர எவ்வளவு நாள்?”

“அஞ்சு கிழமை, ஒரு மாசத்துக்கு மேல,” என்றார் அலோசியஸ்.

“அப்ப அஞ்சு கிழமைக்கு முதலே அளவு போயிருக்கு. அனுப்பினது ஆர்?”

மகேந்திரராஜா கடிகாரத்தைப் பார்த்தார். “நாலு மணி. றம்யா, அனுப்பும்.”

றம்யாவின் கட்டைவிரல் போன் மேல் இருந்தது. ஆனால் அவள் திரையைப் பார்க்கவில்லை. அனோஜின் கையில் கொத்தாகச் சுருட்டிப் பிடித்திருந்த கறுப்புத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஐ சென்ட் இட்,” என்றாள்.

“என்னத்தை? ஃபோர்மையோ?”

“மெஷர்மென்ட்ஸ், டாட். நான்தானே ஈமெயில் பண்ணினனான்.” அவள் கறுப்பு அங்கியைக் கையால் காட்டினாள். “ரெண்டு உடுப்புக்கும் ஒரே அளவு போடச் சொன்னீங்க. அனோஜ் அண்ணா மெலிவெல்லோ எண்டு கேட்டனான். நீங்க என்ன சொன்னீங்க எண்டு ஞாபகம் இருக்கா?”

“றம்யா...”

“‘அவன் போடமாட்டான்’ எண்டு சொன்னீங்க.”

மகேந்திரராஜா சுற்றிலும் பார்த்தார். எத்தனையோ கூட்டங்களை ஒரு பார்வையிலேயே அடக்கியவர். இன்றைக்கு அந்தப் பார்வையை வாங்கிக்கொள்ள ஆளில்லை.

“ஓம்!” வெடித்துவிட்டார். “இந்தக் கூத்தை எழுதச் சொன்னது ஆர்? மண்டபம் எடுத்தது ஆர்? அவன் எத்தினை ஊரைப் பிடிச்சவன், எவ்வளவு பெரிய தலைவன்! அதுக்கு இந்தாள் எழுதினது நாலு பாட்டு. அவன் கிடந்து சாகிறதுக்கு நாப்பது பாட்டு! நான் வாளோட வரேக்க சனம் எழும்பி ரீ குடிக்கப் போகும். நேற்று வந்த பெடியன் வந்து அழ, எல்லாரும் கண்ணைத் துடைப்பினம். ரெண்டு நாள் வயித்தால போனா அவன் என்ன செத்தா போவான்? அந்தப் பாதியையும் நானே ஆடியிருப்பன்!”

“அதுக்கு ஞானமலர் என்ன செய்தவ?” என்று கேட்டாள் சிவாஜினி.

மகேந்திரராஜா போர்வையை இழுத்துக் கால்களை மூடிக்கொண்டார். தான் வைத்த மருந்தில் தானே விழுந்த பிறகும் விழுந்த இடத்திலிருந்தே யாரை அடிக்கலாம் என்று தேடியிருக்கிறார். சித்தார்த்துக்கு இப்போது கோபம் தலைக்கேறியது. இத்தனை நேரம் இருந்தது வெறும் வெறுப்பு.

“பிள்ளை,” குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார் மகேந்திரராஜா. “அமத்து. பிறகு எல்லாம் நான் பாத்துக்கொள்ளுறன். நான் உன்ர அப்பா.”

றம்யா அமத்தினாள். பிறகு போனைத் திருப்பி ஞானமலரிடம் காட்டினாள்.

“டிலீட் பண்ணிட்டன் அன்ரி. பாருங்கோ.”

ஞானமலர் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பிறகு பையின் வாரைத் தோளில் சரிசெய்துகொண்டு அலோசியஸ் பக்கம் திரும்பினாள்.

“கையெழுத்துப் பேப்பர் ஃபாதரிட்டதான் இருக்கு. அதை நான் திருப்பி எடுக்கமாட்டன். இந்தக் கதைக்கு நான் இண்டைக்கும் எதிர்ப்புத்தான்.”

“தெரியும்,” என்றார் அண்ணாவியார்.

“எனக்கு அஞ்சு மணிக்கு டியூட்டி. பஸ் போயிருக்கும்.”

“நான் கொண்டே விடுறன் அன்ரி,” என்று றம்யா எழுந்தாள். அப்பாவின் சட்டைப் பையிலிருந்த கார்ச் சாவியை அவரைக் கேட்காமலே எடுத்துக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை. தடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதாகவும் தெரியவில்லை.

பொலிசுக்குப் போவதா என்று சிவாஜினி அனோஜைக் கேட்டாள். “நாளைக்குப் பாடி முடிச்சிட்டுச் சொல்லுறன் அக்கா,” என்றான். அலோசியஸ் தாளத்தைக் கையில் எடுத்தார். டிலுக்சனைப் பார்த்து, “முன் செசாரேயின்ர பாட்டு நாலுதானே? இரவைக்குள்ள பாடமாக்கிப்போடுவாய்,” என்றார். பிறகு மத்தளக்காரருக்குத் தலையசைத்தார்.

சித்தார்த்தும் சிவாஜினியும் வெளியே வந்து காரைத் திறந்தபோது உள்ளே அனோஜ் தொடங்கிவிட்டான். கைவிட்டுப் போன ஊர்களை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற புலம்பல். சித்தார்த்துக்கு வரிகள் பாதி புரியவில்லை, ஆனாலும் கதவில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. யாரும் எழுந்து டீ குடிக்கப் போகாததற்குக் காரணம் தெரிந்தது.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மகேந்திரராஜா மெதுவாக வாசலுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் கார் நின்ற இடத்தைப் பார்த்தார். பிறகு தெருவை. உள்ளே இருபது பேர் இருந்தார்கள், ஒருவரும் அவரோடு வரவில்லை.

“தம்பி,” என்றார். ஒரு மணி நேரத்தில் அவனை அவர் அப்படிக் கூப்பிட்டது முதல் தடவை. “நீர் எந்தப் பக்கம் போறீர்?”

பாவம் என்று தோன்றுகிறதா என்று சித்தார்த் தன்னையே ஒரு கணம் கேட்டுப்பார்த்தான். தோன்றவில்லை.

“வெரிபீ, சார்,” என்றான். “உங்களுக்கு நேர் எதிர்ப் பக்கம்.”